ஃபயர்பாலுக்கு அனுமதிப்பத்திரம் எங்கே எடுப்பது?

எங்கள் சனிக்கிழமை ஆட்டம் வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடியில் நடக்கிறது. நான்கு பேர், ஒரு மேசை, ஒரு கேத்தில் பிளேன்டீ. ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு: ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். கதையின் உலகத்தைக் கட்டி ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான்.

கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையை மனதில் வைத்து நான் கட்டிய சந்தையில், போன மாதம் எங்களில் ஒருவன் துணிக்கடைக்காரரைச் 'சார்ம் பெர்சன்' என்ற மந்திரம் போட்டு மயக்கிப் பாதி விலைக்குப் பட்டு வாங்கிவிட்டான். ஒரு மணி நேரத்தில் மந்திரம் கலையும். கலைந்ததும், தன்னை மயக்கியது யாரென்று மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். 2014 விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கடைக்காரர் காவலரிடம் ஓடினார். மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் இது குற்றமா?

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாக எடுத்து ஆட்டத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

மந்திரத்துக்கு முழுத்தடை, எழுதுவதற்கு மிகச் சுலபம், ஆடுவதற்கு மிக அலுப்பு. விசர்ட், அதாவது படித்து மந்திரவாதி ஆன பாத்திரம், ஆடுபவன் முதல் நாள் ஒளிந்து திரிவான், அது சுவைதான். மூன்றாவது வாரம் ஃபோனை நோண்டத் தொடங்கிவிடுவான். அப்புறம் கோயில் பூசாரி காயம் ஆற்றும் மந்திரத்தை என்ன செய்வது? அதற்கு விலக்குக் கொடுத்தால், எது கோயில் எது கோயில் இல்லை என்று அடுத்த வழக்கு வரும்.

அனுமதிப்பத்திரம் கொஞ்சம் உயிருள்ள யோசனை. இங்கே இலங்கையில் துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது, ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்களைப் பதிவு செய்ய 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முன்னது பொருளைக் கட்டுப்படுத்துகிறது, பின்னது ஆளின் தகுதியைப் பார்க்கிறது. மந்திரத்துக்கு எது பொருந்தும்? மந்திரங்கள் ஏற்கெனவே ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகளாகத்தான் இருக்கின்றன, அந்தப் படியை வைத்தே அனுமதி கொடுக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். ஃபயர்பால் மூன்றாம் படி. 150 அடி தூரத்திலிருந்து எறியலாம், விழுந்த இடத்தைச் சுற்றி 20 அடிக்கு நெருப்பு. குறுக்களவு 40 அடி என்றால், புறக்கோட்டைச் சந்து ஒன்றில் இரண்டு பக்கக் கடைகளும் சேர்ந்து எரியும். சரி, அதற்குக் கடும் அனுமதி வேண்டும். ஆனால் ஆள் மனதுக்குள் கைவிடும் சார்ம் பெர்சன் வெறும் முதல் படி. அதைவிடக் கீழே, படியே இல்லாத ஃபயர் போல்ட், யாரும் அணியாத, கையில் ஏந்தாத, எரியக்கூடிய பொருளில் பட்டால் பற்றவைக்கும். அதை நாள் முழுக்க எறிந்துகொண்டே இருக்கலாம். படி பார்த்து அனுமதி கொடுக்கும் கந்தோர், பெரிய வெடியைப் பிடித்துவிட்டுத் தீப்பெட்டியை விட்டுவிடும்.

இன்னொரு சிக்கல் சோர்சரர் என்ற பாத்திர வகை. அவன் படித்து மந்திரவாதி ஆனவன் இல்லை, பிறப்பிலேயே வந்தது. அவனைப் பதிவு செய்வது தொழிலைப் பதிவது ஆகாது, ஆளைப் பதிவது. போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையுமாகக் கொழும்பில் லொட்ஜ்களில் காலம் கழித்த தமிழர்களுக்கு அந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. வாசலில் காவலர் "பத்திரம் எங்கே?" என்று கேட்கும் காட்சியை நான் ஒருமுறை நடத்தினேன். எங்களில் மூத்த அண்ணை சிரிக்கவில்லை. அதோடு அந்த விதியை எடுத்துவிட்டேன்.

மந்திரவாதிகளின் சங்கமே தன் ஆட்களை விசாரிக்கட்டும் என்பது அடுத்த யோசனை. தன் உறுப்பினரை எந்தச் சங்கம்தான் கைவிடும்? நகர்வோம்.

மிஞ்சுவது விளைவைத் தண்டிப்பது. எதை வைத்து ஏமாற்றினாலும் மோசடி மோசடிதான், எதை வைத்துக் கொளுத்தினாலும் தீவைப்புத்தான். எனக்குப் பிடித்தது இது. ஆனால் சாட்சிக்கு எங்கே போவது? 'டிடெக்ட் மேஜிக்' 30 அடிக்குள், அந்த நேரத்தில் செயலில் இருக்கும் மந்திரத்தைத்தான் காட்டும். வெடித்து முடிந்த ஃபயர்பால் கரியைத் தவிர எதையும் விட்டுவைக்காது. 'சப்டில் ஸ்பெல்' தெரிந்த சோர்சரர் வாயும் அசைக்காமல் கையும் அசைக்காமல் போட்டுவிடுவான். 'ஸோன் ஒஃப் ட்ரூத்' இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் நிற்பவர் பொய்தான் சொல்ல முடியாது, வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையின் சட்டத்தரணி ஒருவருக்கு அந்தச் சந்து போதும்.

நிஜ உலகமும் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது. பப்புவா நியூகினி 1971இல் இயற்றிய சூனியச் சட்டம் நல்ல மந்திரம், கெட்ட மந்திரம் என்று பிரித்துப் பார்த்தது; 2013இல் அதையே நீக்கினார்கள். பிரித்தானியா 1735இல் எதிர்ப்பக்கம் போனது: மந்திரம் செய்வது குற்றமில்லை, செய்வதாக நடிப்பதுதான் குற்றம். அந்தச் சட்டம் 1951 வரை இருந்தது. எங்கள் சந்தைக்கு அதைக் கொண்டுவந்தால் நிஜ விசர்ட்கள் தப்பிவிடுவார்கள், தாயத்து விற்பவர் உள்ளே போவார்.

கடைசியில் நான் வைத்தது ஒரு கலவை. எல்லா மந்திரத்துக்கும் விளைவைப் பார்த்துத் தண்டனை. மதிலுக்குள் பரவும் நெருப்புக்கு மட்டும் முன் அனுமதி; அந்தப் பத்திரமும் ஆளுக்கு இல்லை, இடத்துக்கும் நாளுக்கும். மனதை மயக்கும் மந்திரத்தின்போது நடந்த கொடுக்கல் வாங்கல், மயங்கியவர் கேட்டால் செல்லாது. மயக்கத்தைக் கடைக்காரரே உணர்வதால் சாட்சிச் சிக்கலும் பாதி குறைகிறது. மீதியை அவருடைய கணக்குப் புத்தகத்தில் அன்று எழுதிய விலை காட்டும்.

அதன்படி போன சனிக்கிழமை நீதவான் தீர்ப்புச் சொன்னார்: பட்டைத் திருப்பிக் கொடு, காசைத் திருப்பி வாங்கிக்கொள். அதற்குள் பயல் அதை மேலங்கியாகத் தைத்துப் போட்டிருந்தான். தையல் கூலி யார் தலையில் என்று இந்த வாரம் வாதாட வருகிறானாம்.