ஏகே-47இன் விலையும் வேன்டலின் விலையும்: கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரண்ட் ஆயுதச் சமநிலை ஒப்பீடு

பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டங்களில் ஆயுதச் சமநிலை என்றதும், எல்லாத் துப்பாக்கிகளும் ஏறத்தாழ ஒரே வலுவோடு இருக்க வேண்டும் என்றே பலர் கருதுகிறார்கள். அப்படிச் செய்துவிட்டால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்றாகி, தேர்ந்தெடுப்பதற்கே பொருளில்லாமல் போய்விடும். ஒரு துப்பாக்கி மற்றதைவிட வலுவாக இருப்பதில் தவறில்லை. அந்த வலுவைப் பெற ஆடுபவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த விட்டுக்கொடுப்பை எங்கே வைப்பது என்பதில் வால்வ் நிறுவனத்தின் கவுன்டர்-ஸ்ட்ரைக்கும், ரையட் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்ட வாலரண்டும் வேறு வேறு வழிகளில் செல்கின்றன. இரண்டிலும் ஐவருக்கு எதிராக ஐவர் மோதுகிறார்கள். இரண்டிலும் ஒரு தரப்பு தாக்க, மறு தரப்பு காக்கிறது. இரண்டிலும் ரவுண்டு தொடங்குமுன், ஆட்டத்துக்குள்ளேயே ஈட்டும் பணத்தைக் கொடுத்து ஆயுதம் வாங்க வேண்டும். இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் இவற்றின் வேற்றுமைகளை அருகருகே வைத்து அளக்க முடிகிறது.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தாக்கும் தரப்பு மட்டுமே ஏகே-47ஐ வாங்க முடியும். காக்கும் தரப்புக்கு எம்4 வகைத் துப்பாக்கிகள்தாம். ஏகே-47இன் விலை 2700 டாலர், அடிப்படைச் சேதம் 36, கவசத்தைத் துளைத்துச் செல்லும் பங்கு 77.5 சதவீதம். தலையில் பட்டால் சேதம் நான்கு மடங்காகும் என்பதால், ஹெல்மெட் அணிந்தவருக்கும் கணக்கு 111-ஐத் தாண்டுகிறது. நூறு புள்ளி உயிர் ஒரே தோட்டாவில் போய்விடும். எம்4ஏ4-இன் சேதம் 33, துளைக்கும் பங்கு 70 சதவீதம். அதே இடத்தில் பட்டால் 92 தான் வருகிறது, எதிராளி எட்டுப் புள்ளி உயிரோடு திருப்பிச் சுடுகிறார். உடலில் சுட்டால் ஏகேவுக்கு நான்கு தோட்டாக்கள் போதும், எம்4ஏ4-க்கு ஐந்து வேண்டும். இத்தனைக்கும் எம்4ஏ4 நெடுங்காலம் 3100 டாலருக்கு விற்றது. வலு குறைந்ததை அதிக விலைக்கு வாங்கச் சொல்வது முதல் பார்வையில் அநியாயமாகவே தோன்றும்.

ஆனால் காப்பவர் ஒரு மூலையில் நின்று, வரப்போகிறவர் எந்த வழியாக வருவார் என்று குறிவைத்துக் காத்திருக்கிறார். தாக்குபவரோ அந்தக் குறிக்குள் தானே நடந்து நுழைய வேண்டியிருக்கிறது. இடம் தருகிற இந்தச் சாதகத்தை ஆயுதம் ஈடுகட்டுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விளைவு வேறொன்று. எதிரணி முழுக்க ஏகே வைத்திருக்கிறது என்று தெரிந்தால், காப்பவர்கள் பல நேரம் 350 டாலர் கூடுதலாகக் கொடுத்து ஹெல்மெட் வாங்காமல், 650 டாலர் உடற்கவசத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தைக் கையெறி குண்டுகளுக்குச் செலவிடுகிறார்கள். ஒரு துப்பாக்கியின் ஒரு சேத எண், எதிரணியின் கடைக்கணக்கையே மாற்றிவிடுகிறது.

அந்த ஒற்றைத் தோட்டா எல்லையை வால்வ் எவ்வளவு கவனமாகக் காக்கிறது என்பதற்கு, காக்கும் தரப்பின் மற்றோர் எம்4 வகைத் துப்பாக்கியான எம்4ஏ1-எஸ் நல்ல சான்று. சத்தம் குறைந்த, விலையும் குறைந்த அந்தத் துப்பாக்கிக்கு 2021 செப்டம்பரில் உடற்சேதம் 33-இலிருந்து 38-ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் தலைக்கான பெருக்கம் நான்கு மடங்கிலிருந்து 3.475 மடங்காகக் குறைக்கப்பட்டதால், ஹெல்மெட்டுக்கு எதிரான கணக்கு அதே 92-இல் நின்றது. அப்படியும் அந்தத் துப்பாக்கி அளவுக்கு மீறிப் பரவியதால், 2022 நவம்பரில் அதன் மேகசின் (ஒருமுறை நிரப்பும் தோட்டாக்களின் அளவு) 25 தோட்டாக்களிலிருந்து 20-ஆகச் சுருக்கப்பட்டது.

வாலரண்டில் இரு தரப்புக்கும் ஒரே கடை. முதன்மை ரைபிள்களான வேன்டலும் பேன்டமும் ஒரே விலை, 2900. எனவே பணம் இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை, தூரம்தான் தீர்மானிக்கிறது. முழுக் கவசம் அணிந்தவருக்கு உயிரும் கவசமும் சேர்ந்து 150 புள்ளிகள். வேன்டல் எந்தத் தூரத்திலும் தலைக்கு 160, உடலுக்கு 40 சேதம் தரும். பேன்டமுக்கு நெடுங்காலம் இருந்த கணக்குப்படி, 15 மீட்டருக்குள் தலைக்கு 156, உடலுக்கு 39. 15 முதல் 30 மீட்டர் வரை 140-உம் 35-உம். அதாவது அந்தத் தூரத்தில் தலையில் பட்ட பேன்டமின் தோட்டா எதிராளியைப் பத்துப் புள்ளியோடு விட்டுவிட்டது. மறுபுறம் பேன்டம் நொடிக்கு 11 தோட்டாக்கள் சுடுகிறது, வேன்டல் 9.75 தான். மேகசினில் பேன்டமுக்கு 30, வேன்டலுக்கு 25. பேன்டமின் தோட்டாத் தடம் எதிராளியின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், புகைக்குள்ளிருந்து சுடுபவர் தன் இடத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை.

உடலில் மட்டுமே சுடுவதாக வைத்துக் கணக்கிட்டால், நெருக்கத்தில் இரண்டுக்கும் நான்கு தோட்டாக்கள் தேவை. முதல் தோட்டாவிலிருந்து நான்காவது வரை பேன்டமுக்கு 0.27 நொடியும் வேன்டலுக்கு 0.31 நொடியும் ஆகின்றன. அந்தக் கணக்குப்படி பதினைந்து மீட்டரைத் தாண்டியதும் பேன்டமுக்கு ஐந்தாவது தோட்டா தேவைப்பட்டு, நேரம் 0.36 நொடியாகிறது. நெருக்கத்தில் பேன்டமும் தொலைவில் வேன்டலும் முந்துகின்றன. தாளில் இது அழகான சமநிலை. ஆட்டத்தில் அது அவ்வளவு நேராக இருப்பதில்லை என்பதே என் எண்ணம். குறி துல்லியமாக உள்ளவர் எந்தத் தூரத்திலும் ஒரே தோட்டாவில் முடித்துவிடலாம் என்ற உறுதியை வேன்டல் தருகிறது. அந்த உறுதிக்கு அவர் கொடுப்பது ஐந்து தோட்டாக்களும் 0.04 நொடியும் மட்டுமே. திறமை கூடக்கூட அந்த இழப்பு சிறுத்துக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் விலை ஒன்றாக இருப்பதால், இந்தச் சாய்வைத் திருத்த ரையட்டுக்குச் சேத எண்களையும் தூர எல்லைகளையும் தொடுவதைத் தவிர வேறு எளிய வழியில்லை.

சேதத்தையோ பின்னுதைப்பையோ மாற்றும்போது ஆடுபவரின் கைப்பழக்கம் உடைகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஏகேவைத் தொடர்ந்து சுடும்போது குறி மேலே ஏறி, பின் பக்கவாட்டில் நகரும் விதம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றே. அதை ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் இருக்கிறார்கள். விலையை மாற்றினால் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கும், எப்போது வாங்குவது என்ற முடிவு மட்டுமே மாறும். இதனால் விலை என்ற கருவியையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

அந்தக் கருவியின் ஆபத்தையும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கே காட்டியிருக்கிறது. ஸ்கோப் (தொலைவைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) பொருத்திய எஸ்ஜி 553 துப்பாக்கி, தாக்கும் தரப்பின் கடையில் 3000 டாலருக்கு ஆண்டுக்கணக்கில் சீண்டுவாரின்றிக் கிடந்தது. 2018 அக்டோபரில் வால்வ் அதன் விலையை 2750-ஆகக் குறைத்தது; சேதமோ சுடும் வேகமோ கூட்டப்படவில்லை. ஏகேவைவிட 50 டாலர் மட்டுமே அதிகம் என்றானதும் ஆடுபவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். கவசத்தை முழுவதுமாகத் துளைக்கும் அந்தத் துப்பாக்கிக்கு ஹெல்மெட் ஒரு பொருட்டே இல்லை. நிமிடத்துக்கு 666 தோட்டாக்கள் என்ற வேகம் ஏகேவின் 600-ஐ மிஞ்சியது. தொலைவுக்கு ஸ்கோப் வேறு. 2019-இல் தொழில்முறைப் போட்டிகளில் ஏகேவின் இடத்தையே அது பறிக்கத் தொடங்கியது. விலையை மீண்டும் 3000 ஆக்கியும் அடங்கவில்லை, ஏனெனில் அது எவ்வளவு நல்ல துப்பாக்கி என்பதை எல்லோரும் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2020 ஏப்ரலில் சுடும் வேகத்தை 545-ஆக இறக்கிய பிறகே ஏகே தன் இடத்துக்குத் திரும்பியது. அந்தத் துப்பாக்கியின் மிகைவலு தொடக்கம் முதலே அங்கேயே இருந்தது. விலையும் மக்களின் வழக்கமும் சேர்ந்து அதை மூடிவைத்திருந்தன. ஆகவே விலை, ஏற்கெனவே ஓரளவு நேரான துப்பாக்கிகளை நுணுக்கமாகச் சரிசெய்ய உதவும். அடிப்படையே கோணலான ஒன்றை நிமிர்த்தாது.

ஸ்னைப்பர்களை ஒப்பிடும்போது இரு ஆட்டங்களின் வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் ஏடபிள்யூபியும் வாலரண்டின் ஆபரேட்டரும் காலுக்கு மேல் எங்கே பட்டாலும் ஒரே தோட்டாவில் ஆளைச் சாய்ப்பவை. ஏடபிள்யூபியின் விலை 4750. ஆபரேட்டர் 4500-இல் தொடங்கி, 2020-இன் பிற்பகுதியில் 5000-ஆக ஏறி, பின்னர் 4700-இல் நிலைத்தது. வாங்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, வீழ்த்தியவருக்குக் கிடைக்கும் பரிசுத்தொகையில் இருக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ரைபிளால் ஒருவரை வீழ்த்தினால் 300 டாலர், எஸ்எம்ஜி எனும் சிறு இயந்திரத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றால் 600, ஏடபிள்யூபியால் வெறும் 100. ஏடபிள்யூபி வைத்து இருவரை வீழ்த்திய பின் இறந்தவர், அந்தப் பரிசாக 200 டாலரோடு அடுத்த ரவுண்டுக்குச் செல்கிறார். அதையே ரைபிளால் செய்தவர் 600 டாலரோடு செல்கிறார். வாலரண்டில் எந்த ஆயுதத்துக்கும் ஒரே பரிசு, 200. ஆகவே ஆபரேட்டரை வாங்கும் நொடியில் மட்டுமே அதன் சுமை தெரிகிறது. வெற்றிகரமாக ஆடத் தொடங்கிய பின் அது வேறெந்தத் துப்பாக்கியையும்போல வருமானம் ஈட்டுகிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பப்ஜி ஆடியவர்கள் அறிந்ததுபோல, மூன்றாம் நிலை ஹெல்மெட்டையும் ஒரே தோட்டாவில் வீழ்த்தும் ஏடபிள்யூஎம், வானிலிருந்து விழும் பெட்டியில்தான் கிடைக்கும், அதுவும் சொற்பத் தோட்டாக்களோடு. அரிதாக்கிச் சமன்செய்யும் இந்த முறை நூறு பேர் ஆடும் பெரிய களத்துக்குப் பொருந்தும். ஐவர் ஆட்டத்தில் ஒருவருக்கு அதிர்ஷ்டத்தால் அத்தகைய ஆயுதம் கிடைத்தால் ரவுண்டே பாழாகிவிடும்.

நானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், தரப்புக்கு ஓர் ஆயுதம், வீழ்த்துதலுக்கு ஒரு பரிசு என்று பல இடங்களில் கைவைக்க இடம் கொடுக்கும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கையே தேர்ந்தெடுப்பேன். அதிலிருந்து வாலரண்ட் கடன் வாங்க வேண்டியது தரப்புக்கொரு கடையை அல்ல. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்திறன்கள் இருப்பதால் தரப்பு வேறுபாட்டைச் சுமத்துவது குழப்பத்தையே கூட்டும். ஆபரேட்டரால் கிடைக்கும் 200-ஐ 100-ஆகக் குறைத்துவிட்டு, அதன் வாங்கும் விலையை 4500-க்கே இறக்கிப் பார்க்கலாம். வாங்குவது எளிதாகும், வைத்துக்கொண்டு வளம் பெறுவது கடினமாகும். அதன் சேதமும் வேகமும் தொடப்படாததால் பழகிய எவரும் தம் குறியை மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்காது.