முதல் நாள் சாயங்காலம் எப்படி வந்தது? விசுவாசிகளின் மூன்று பதில்கள்

தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிறது வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம். அதைப் படித்தபோது, ஓய்வுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, சூரியனே நாலாம் நாள்தான் வந்துச்சுன்னா, முதல் நாள் சாயங்காலம் எப்படி வந்துச்சு?" ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம்தான், நம்மவர்கள் இதற்கு என்னென்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன்.

முதல் பதிலில்தான் நான் வளர்ந்தேன். ஆறு நாள் என்றால் ஆறே நாள். பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டு. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், படைப்பு கி.மு. 4004இல் நடந்ததாகவே கணக்குப் போட்டார். இவர்கள் வேதத்தின்மேல் வைத்திருக்கும் பயபக்தியை நான் குறைசொல்ல மாட்டேன்.

இரண்டாவது பதில், அறிவியலுக்கு ஓர் அறை, விசுவாசத்துக்கு ஓர் அறை. சண்டை இல்லை, சரி. ஆனால் இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது நிஜமாகவே நடந்ததைப் பற்றிய பேச்சு. அதை எந்த அறையில் வைப்பது?

நான் வந்து சேர்ந்தது மூன்றாவதில். படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என்பதை ஆதியாகமம் சொல்கிறது. எப்படிப் படைத்தார் என்பதைப் பாறைகளும் மரபணுக்களும் சொல்கின்றன. மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் இந்தப் பக்கம்தான்.

என்னை இங்கே தள்ளியது ஒரு நட்சத்திரம். 1987 பிப்ரவரியில், தென்வானத்தின் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. 6,000 ஆண்டுக் கணக்கு சரியென்றால் அந்த ஒளி இன்னும் பாதி வழிகூடத் தாண்டியிருக்காது. "ஒளியை வழியிலேயே வைத்துப் படைத்துவிட்டார்" என்பது வழக்கமான பதில். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அப்படியானால் அந்த வெடிப்பு நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றைத் தேவன் வானத்தில் படம் காட்டினார் என்றாகிறது. பொய்யுரையாத தேவன் என்று வேதம் சொல்பவரைப் பற்றி என்னால் அப்படி நம்ப முடியவில்லை. வேதத்தைக் காப்பாற்றப் போய், தேவனுடைய உண்மையையே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றிய அறிவியலைப் படைப்புக்கு ஆதாரமாகப் பேசினார். அந்தப் பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் தாமே ஒரு குருவானவர்; அவருக்கே அது பிடிக்கவில்லை. நாளைக்குத் திருத்தப்படக்கூடிய ஒன்றின்மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது.

பாவத்தால் மரணம் வந்தது என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறாரே, மனிதனுக்கு முன்பே கோடிக்கணக்கான உயிர்கள் செத்திருக்கின்றனவே என்றால், என் மனம் முழுதாக ஒப்பும் பதில் இன்னும் கிடைக்கவில்லை. பவுல் சொல்வது உடலின் மரணமல்ல, ஆவிக்குரிய மரணம் என்கிறார்கள், பாதிதான் ஒப்புகிறது.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம், சூரியனுக்கு முந்தைய அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று 1,600 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்தீனும் திணறியிருக்கிறார் என்று சொன்னேன்.

"அப்போ நான் கேட்டது தப்பில்லையாண்ணா?" என்றான்.