பாத்திக்குச் செங்கல் கரை: சாய்த்து நடுவதா, கலவை போட்டுக் கட்டுவதா, சும்மா அடுக்குவதா?

செடிகள் ஏற்கெனவே வேர்பிடித்து நிற்கும் பாத்திக்குக் கரை வைப்பதும் வெற்று நிலத்தில் புதுப் பாத்தி கட்டுவதும் வேறு வேறு வேலை. இங்கே கடப்பாரையை எங்கே போட்டாலும் ஒரு வேர் வெட்டுப்படும். அதை மனதில் வைத்துத்தான் இந்த மூன்று முறைகளையும் பார்க்கிறேன். கணக்குக்கு 10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள பாத்தி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 28 அடி. கல், 9 அங்குல நீளமும் 3 அங்குல கனமும் உள்ள சேம்பர் செங்கல், அதாவது சேம்பர் சூளையில் சுட்டது.

சாய்த்து நடுவது எல்லோரும் பார்த்ததுதான். பள்ளிக்கூட வாசலிலும் ரயில் நிலையத்திலும் காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடித்து, ரம்பப் பல்போல நிற்குமே, அதேதான். 80 கல் போதும், கொத்தனார் வேண்டாம். ஆனால் பாதிக் கல் மண்ணுக்குள் போனபின் மேலே நிற்பது நாலு அங்குலம், அதிலும் பல்லுக்குப் பல் இடைவெளி. பார்க்க அழகு, மண்ணை உயர்த்திப் பிடிக்காது.

கலவை போட்டுக் கட்டினால் கல் அசையாது. ஆனால் அரை அடியாவது அடித்தளம் தோண்ட வேண்டும். செடிகளின் பக்கவேர்கள் பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் ஓடுகின்றன. மூன்றடிக்கு ஓரிடத்தில் தண்ணீர் வடிய ஓட்டை விடாவிட்டால் ஐப்பசி மழைக்குப் பாத்தி தொட்டியாகிவிடும், பப்பாளி இருந்தால் தூர் அழுகிச் சாய்ந்துவிடும். கரிசல் மண்ணில் இன்னும் சிரமம்: கோடையில் சுருங்கி, மழையில் உப்பி, கட்டிய கரையை விரிசல் விட வைக்கும். எங்கள் வீட்டில் இட்லிப்பூச் செடியை ஒட்டிக் கட்டியபோது, மிஞ்சிய கலவையை மேஸ்திரி பாத்திக்குள்ளேயே தட்டிவிட்டுப் போனார். சில மாதங்களில் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றினால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இட்லிப்பூ அதைச் சீக்கிரமே காட்டிவிடும். அந்தச் செடியைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அதனால் நான் சொல்வது, கலவையில்லாமல் படுக்கைவசத்தில் மூன்று வரி அடுக்குவது. வரிக்கு 38 கல், மொத்தம் 114. உடைசலுக்கும் சேர்த்து 120 வாங்குங்கள். நூல் பிடித்து நாலு அங்குலம் மட்டும் தோண்டி, ஓர் அங்குலம் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பி, தண்ணீர் தெளித்து இடித்துக்கொள்ளுங்கள். முதல் வரி மண்ணுக்குள் மறையட்டும். மேல்வரிக் கல், கீழ்வரியின் இணைப்புக்கு மேலே உட்கார வேண்டும். தடித்த வேர் குறுக்கிட்டால் வெட்ட வேண்டாம். அங்கே பாதிக் கல் அளவு இடம் விட்டால் மேல்கல் பாலம்போல நின்றுகொள்ளும். மழைத்தண்ணீர் கல்லிடுக்கு வழியாகவே வடிந்துவிடும். செடி பெருத்தால் கல்லைப் பெயர்த்துப் பாத்தியை அகலப்படுத்தலாம். நான்காவது வரி மட்டும் வேண்டாம், ஈரமண் கல்லை வெளியே தள்ளும்.

கல் வாங்கும்போது இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. சரியாக வேகாத கல் ஈரத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும்.

அப்புறம், கரை உயர்ந்துவிட்டதே என்று ஆறு அங்குலத்துக்கும் ஒரேயடியாக மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தூரை மண் மூடினால் பட்டை அழுகும், வேருக்குக் காற்றும் போகாது. மக்கிய தொழுவுரமும் காய்ந்த இலையுமாக மாதம் ஓர் அங்குலம் போடுங்கள், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு.