ட்ரெசர் சேஃப் 3: அனுப்பும் முன் நிறுத்திப் படிக்க வைக்கும் கருவி

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி அனுப்புவது எங்கள் குடும்பத் தொழில். சரக்கு ஆள் மாறி ஏறிவிட்டால், வண்டி சோதனைச் சாவடியைத் தாண்டியிருந்தாலும், ஆரியங்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரை அழைத்துத் திருப்பிவிடலாம். கிரிப்டோவில் அழைப்பதற்கு ஓட்டுநரே இல்லை என்பதை, சென்ற ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமான டெதரில் 150-ஐ விற்கப் போனபோது உணர்ந்தேன்.

கைப்பேசி வாலட்டிலிருந்து, கிரிப்டோவை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவதற்கான முகவரியை, அந்த எக்ஸ்சேஞ்சின் செயலியில் எடுக்காமல், பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுத்தேன். நான் டெதர் அனுப்பிய எத்தீரியம் என்ற நெட்வொர்க்கின் முகவரியில் 0எக்ஸ் என்ற தொடக்கத்துக்குப் பின் 40 எழுத்துகள் உண்டு. முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்தியிருந்ததால் நடுவிலிருந்த 32 எழுத்துகளை நான் பார்க்கவில்லை. அதே முனைகள் வரும்படி ஒரு முகவரியை உருவாக்கி, மதிப்பற்ற ஒரு பரிவர்த்தனை மூலம் என் பட்டியலில் யாரோ நுழைத்து வைத்திருந்தார்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் பதிந்தேன், பணம் திரும்பவில்லை.

யுபிஐயில் தவறு நேர்ந்தால் முறையிடுவதற்கு நடுவில் வங்கி இருக்கிறது. இங்கே உங்கள் சாவியால், அதாவது வாலட்டில் இருக்கும் இரகசிய எண்ணால், இட்ட கையொப்பமே இறுதி ஆணை. அது, பரிவர்த்தனைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு தொகுதியில் (பிளாக்) பதிந்த பிறகு, அடுத்தடுத்த தொகுதிகள் அதன் மேல் சங்கிலியாக அடுக்கப்படுகின்றன. பிட்காயினில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒன்று சேர்வதால், ஆறு தொகுதிகள் ஆவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன் பின் மாற்ற வேண்டுமானால் அத்தொகுதிகளைச் சேர்க்கக் கணினிகள் செய்த உழைப்பு முழுவதையும் மறுபடி செய்தாக வேண்டும். 2016-இல் டிஏஓ என்ற கூட்டு முதலீட்டு நிதியில் நடந்த திருட்டை ஈடுகட்ட எத்தீரியம் தன் விதியையே மாற்றியபோது, சங்கிலி இரண்டாகப் பிரிந்து எத்தீரியம் கிளாசிக் உருவானது. நம் 150 டெதருக்காக யாரும் அதைச் செய்யப்போவதில்லை. 2024 மே மாதம் இதே போலி முகவரி உத்தியில் ஒருவர் சுமார் 6.8 கோடி டாலரை இழந்தார். எடுத்தவரே இசைந்ததால்தான் அதில் பெரும்பகுதி திரும்பியது.

இதற்குப் பிறகே பிராகாவின் சடோஷிலேப்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ட்ரெசர் சேஃப் 3 என்ற இந்தக் கருவியை வாங்கினேன். கிரிப்டோ சாவியைத் தனியே வைத்திருக்கும் வாலட் இது. உள்ளங்கைக்குள் அடங்கும் இதில் ஒரு சிறு திரையும் இரண்டு பொத்தான்களும் உள்ளன. சாவி கருவியைவிட்டு வெளியேறுவதில்லை. பெறுநரின் முகவரி கருவியின் திரையில் தோன்றி, நான் பொத்தானை அழுத்தி ஒப்பிய பின்பே கையொப்பம் இடப்படுகிறது. கணினியில் முகவரியை மாற்றிப்போடும் வைரஸ் இருந்தாலும், திரையில் தெரிவது உண்மையில் பணம் போகும் இடம். என் மகள் அதை நான்கு நான்கு எழுத்தாக உரக்கப் படிப்பாள். நான் எக்ஸ்சேஞ்ச் செயலியைத் திறந்து வைத்து விரலால் தொடர்ந்து வருவேன். ஒரு நிமிடம் ஆகிறது, அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதை மதிக்கிறேன்.

ஆனால் தவறான முகவரிக்கு நாமே ஒப்புதல் தந்தால் இந்தக் கருவி தடுக்காது. எனவே முகவரியை ஒவ்வொரு முறையும் பெறுபவரிடமிருந்தே புதிதாக எடுக்கிறேன். சோதனைக்குச் சிறு தொகை அனுப்பி, அது சேர்ந்ததைப் பார்த்த பிறகும் மீதியைப் பட்டியலிலிருந்து நகலெடுத்து அனுப்புவதில்லை, ஏனெனில் போலி முகவரி அந்த இடைவெளியில்தான் நுழையும். நெட்வொர்க் இரு பக்கமும் ஒன்றுதானா என்பதையும், எக்ஸ்ஆர்பி போன்ற நாணயங்களுக்கு, பணம் யாருடைய கணக்குக்கு என்று எக்ஸ்சேஞ்சுக்குக் காட்டும் டேக் எண் கேட்கப்படுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கருவி தொலைந்தால் சாவியைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறேன்; அவற்றைப் படம்கூட எடுக்கவில்லை.

சில ஆயிரம் ரூபாய் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை, உரக்கப் படிக்க இன்னொருவர் இருந்தால் போதும். சேமிப்பில் கணிசமான பங்கை இதில் வைத்திருப்பவர்கள், பழைய கருவியை யாரிடமும் வாங்காமல், தயாரிப்பாளரின் தளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ புதிதாக வாங்கலாம்.