ராத்திரி அறைக்கு எப்படித் திரும்புவது? கல்லிப்போலியும் டொர்ரே டெல் லாகோவும்

எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் ஓர் ஊர்ப் பக்கம் சாய்வதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

நானும் என் இணையரும் இரண்டு கோடைகளில் இத்தாலியக் கடற்கரைக்குப் போய்வந்தோம். முதல் முறை தெற்கே, அந்த நாட்டுப் பூட்ஸின் குதிகாலில் இருக்கும் கல்லிப்போலி. (முதல் உலகப்போரில் அடிபடும் கல்லிப்போலி துருக்கியில் இருக்கிறது, அது வேறு.) இரண்டாம் முறை டஸ்கனியில், பீசாவுக்குச் சற்று வடக்கே உள்ள டொர்ரே டெல் லாகோ. நடுவில் சிசிலியின் தவோர்மினாவில் இரண்டு இரவு. தன்பாலீர்ப்பாளர்கள் கோடையைக் கழிக்கப் போகும் ஊர் எது என்று இத்தாலியர்களைக் கேட்டால் இந்த மூன்றும் கட்டாயம் வரும். அடுத்துப் போகப்போகிற நண்பர்கள் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பேசி மாளவில்லை, அதனால் இது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். ஆணும் ஆணும் சேர்வது இத்தாலியில் 1890இலிருந்தே குற்றமில்லை. நமக்கு 2018 செப்டம்பர் வரை ஆனது. திருமணம் அங்கேயும் கிடையாது. 2016 முதல் பதிவுபெற்ற இணைவு மட்டும் உண்டு. வெறுப்புக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை கேட்ட மசோதா 2021 அக்டோபரில் செனட்டில் விழுந்துவிட்டது. ஆனால் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று டஸ்கனி மாநிலம் 2004லேயே தனக்கென ஒரு சட்டம் போட்டது. இத்தாலியில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அதை வைத்து வடக்கு நல்லது, தெற்கு மோசம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கல்லிப்போலி இருக்கும் புலியா மாநிலத்தில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட நிக்கி வேந்தோலா 2005இலும் 2010இலும் ஜெயித்துப் பத்து வருடம் ஆண்டார்.

நம்மூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. மெரினாவில் இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லாட்ஜில் இருவர் ஒரே அறை கேட்டால் ‘ஏசியா, நான் ஏசியா’ என்பதோடு சரி. நம்மை மறைக்கிற போர்வையே அதுதான். இத்தாலியில் அந்தப் போர்வை கிடையாது. அங்கே கை கோத்தால் அது அறிவிப்பு, எல்லோரும் படித்துவிடுவார்கள். முதல் இரண்டு நாள் எங்களுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

கல்லிப்போலியில் நாங்கள் தங்கியது பழைய நகரத்தில், ஒரு பாட்டி வீட்டு மாடியில். இரட்டைக் கட்டில் வேண்டும் என்று எழுதித்தான் பதிவு செய்திருந்தோம். போய்ப் பார்த்தால் கட்டில்கள் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு நாற்காலி. ராத்திரி இழுத்துச் சேர்த்தோம். மறுநாள் பெருக்க வந்த பாட்டி பழையபடி பிரித்து வைத்துவிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை, “அண்ணன் தம்பியா?” என்று கேட்டார். இல்லை என்றோம். கொஞ்சம் யோசித்தார். அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டில்கள் சேர்ந்திருந்தன, மேலே பெரிய ஒற்றை விரிப்பு. அதைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சில்லை. பதிவு செய்யும்போது ‘மத்ரிமோனியாலே’ என்ற சொல்லைப் போடுங்கள். இரட்டைக் கட்டிலுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது; அர்த்தம் என்னவோ கல்யாணக் கட்டில்.

கடலுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கல்லிப்போலிதான். யோசிக்கவே வேண்டாம். ஊருக்குத் தெற்கே புந்தா தெல்லா சுயினா என்ற இடம். பைன் தோப்பு, தாழ்ந்த பாறைகள், கழுத்தளவுத் தண்ணீரிலும் கால்விரல் தெரிகிற அயோனியக் கடல். கே ஜோடிகள் கூடுவது அங்கேதான். சாப்பாடும் அங்கேதான் தேவலை. ஊதா இறால், வினிகரிலும் குங்குமப்பூ ரொட்டித்தூளிலும் ஊறவைத்த பொரித்த மீன், பாதாம்பாலும் ஐஸும் போட்ட காப்பி. அந்தக் காப்பியை நினைத்தால் இன்னும் ஏக்கமாக இருக்கிறது. ரயிலில் வரும் வழியில் மட்டும் மனசு கனக்கும். 2013இல் கல்லிப்போலிப் பக்கம்தான் ஆலிவ் மரங்களைக் கொல்லும் சைலெல்லா என்ற பாக்டீரியா முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே தோப்புத் தோப்பாகச் சாம்பல் நிறத்தில் பட்டமரங்கள்.

டொர்ரே டெல் லாகோவில் கடல் சுமார்தான். நீள மணல், ஆழமில்லாத தண்ணீர், கொஞ்சம் கலங்கல். ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், டஸ்கனி வழக்கம் அது. சைவர்களுக்கு ‘செச்சீனா’ ஒன்று காப்பாற்றும். கடலைமாவைக் கரைத்து அடுப்பில் சுட்டது. மிளகுத்தூள் தூவித் தருவார்கள். தொட்டுக்கொள்ளச் சட்னி இல்லாத குறை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஏன் டொர்ரே டெல் லாகோ என்கிறேன்? ராத்திரிதான் காரணம்.

புந்தா தெல்லா சுயினா எங்கள் அறையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். பகலில் பஸ் உண்டு. கடற்கரையின் நல்ல நேரமோ வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பாட்டு, ஆளுக்கொரு கோப்பை, பேச்சு. நாங்கள் அங்கே இருந்த வாரத்தில் அந்த நேரத்துக்குத் திரும்பும் பஸ் ஓய்ந்துவிட்டது. முதல் ராத்திரி டாக்சிக்கு நாற்பது நிமிஷம் காத்திருந்து 35 யூரோ கொடுத்தோம். இரண்டாம் ராத்திரி கெத்தாக நடந்தோம். கடலோரச் சாலையில் நடைபாதை கிடையாது; பிள்ளைகள் கார்களைப் பறக்கவிடுகிறார்கள். ஒரு காரிலிருந்து ஏதோ கத்தினார்கள். திட்டா, வாழ்த்தா, தெரியவில்லை. இத்தாலி மொழி புரியாததில் இருக்கும் நன்மை அது. ஆனால் அந்த நொடியில் நாங்கள் கையை விட்டோம். கடற்கரையில் நாலு மணிநேரம் கோத்திருந்த கை. விட்டுவிட்டு, ஒருவர் முன்னே ஒருவர் பின்னே, தெரியாதவர்கள் மாதிரி நடந்து போனோம்.

மூன்றாம் நாளிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் காலேஜ் பையன்கள் மாதிரி பொழுது சாயுமுன்னே துண்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். மிலானிலிருந்து வந்திருந்த இருவர், “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே” என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்களிடம் கார் இருந்தது.

அன்றைக்குப் புரிந்தது இது. கே கடற்கரை என்று பேர்பெற்ற எல்லா இடமும் கடற்கரையில் நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அங்கிருந்து கட்டில் வரைக்குமான தூரத்தை. அந்த வழி யாருடையது, எத்தனை மணிக்கு, எதில் போகிறோம், எந்த இடத்தில் கையை விட வேண்டியிருக்கும். பயண இணையதளங்கள் மதுக்கூடங்களின் பட்டியலைத் தருகின்றன; இதைத் தருவதில்லை.

டொர்ரே டெல் லாகோவின் கிராமம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. இசையமைப்பாளர் புச்சீனி வாழ்ந்து, அடக்கமாகியிருக்கும் வீடு அந்த ஏரிக்கரையில்தான். கோடையில் அங்கே திறந்தவெளி ஓபரா நடக்கும். பீசாவிலிருந்து சின்ன ரயில், கால்மணி நேரம் சொச்சம். (காகித டிக்கெட் என்றால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள்.) ஸ்டேஷனிலிருந்து பைன் மரங்களுக்கு நடுவே சமதளமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் கடல். அங்கே வியாலே எவுரோபா என்ற ஒரே சாலையில் மதுக்கூடங்களும், பேர்பெற்ற மாமாமியா டிஸ்கோவும், எதிரே குடைபோட்ட கடற்கரைகளும். இன்னும் தெற்கிலும் வடக்கிலும் தேடி அலைய வேண்டாம், எல்லாம் அந்த ஒரு சாலைதான்.

நாங்கள் கிராமத்தில் தங்கினோம். வாரத்துக்கு இரண்டு மிதிவண்டி வாடகைக்கு எடுத்தோம். இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் முன்னாலும் பின்னாலும் வண்டி விளக்குகள். எல்லாம் அதே சாலையிலிருந்து திரும்புகிறவர்கள். ஒருவன் பாடிக்கொண்டே ஓட்டினான். இரண்டு பெண்கள் ஒரே வண்டியில், பின்னால் இருந்தவள் முன்னவள் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். மிதிவண்டியில் கை கோக்க முடியாதுதான். கோக்க வேண்டும் என்று தோன்றியபோது இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். யாரும் கத்தவில்லை. கொசுதான் கடித்தது, ஏரி பக்கத்தில் இருப்பதால் மாலை ஆறுக்கே ஆரம்பித்துவிடும். மருந்து தடவாமல் போகாதீர்கள்.

கிராமத்தில் அறை கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான வியாரெஜ்ஜோவில் எடுக்கலாம். கடற்கரை வரை வியாலே தெய் தீலி என்ற மரச்சாலை வழியாக ஐந்தாறு கிலோமீட்டர் சைக்கிள் பாதை. நாங்கள் அதில் பகலில்தான் போயிருக்கிறோம். நள்ளிரவில் எப்படி இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

வியாரெஜ்ஜோவுக்கும் டொர்ரே டெல் லாகோவுக்கும் நடுவே லா லெச்சோனா என்றொரு கடற்கரை. மணல்மேடுகளோடு அப்படியே விட்டுவைத்த இயற்கைப் பூங்கா, அதனால் குடையும் கடையும் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோக வேண்டும். கடலில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தால் மலைமேல் பனி கொட்டினாற்போல வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அது பனி இல்லை, கர்ராரா பளிங்குச் சுரங்கங்கள். கல்லிப்போலிக் கடலுக்கு இது ஈடில்லை என்றாலும், என் இணையர் அந்தக் காட்சிக்காகவே தினமும் ஒருமுறை போக வேண்டும் என்றார்.

குடைச் செலவு கல்லிப்போலியிலும் டொர்ரே டெல் லாகோவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு குடை, இரண்டு சாய்வுப் படுக்கை, நாங்கள் கொடுத்தது நாளுக்கு 35லிருந்து 40 யூரோ. முதல் வரிசை கேட்டால் இன்னும் ஏறும். தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் யாரும் நடக்கலாம் என்பது அங்கே விதி, ஆனால் அதில் துண்டு விரித்துப் படுக்க விட மாட்டார்கள். ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ என்று பலகை இருந்தால் அது இலவசக் கடற்கரை.

தவோர்மினாவில் இரண்டு இரவுதான் இருந்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. மலைமேல் ஊர், கீழே கடல், நடுவில் கேபிள் கார். அழகு, ஆனால் விலை கண்ணைக் கட்டும். என் மனதில் நின்றது கத்தானியாவிலிருந்து போகும்போது ரயில் நின்ற ஜாரே என்ற சின்ன ஸ்டேஷன். 1980 அக்டோபரில் அந்த ஊரில்தான் காதலர்களான இரண்டு இளைஞர்கள் சுடப்பட்டு, கை கோத்தபடி பிணமாகக் கிடந்தார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் அதே ஆண்டு பலெர்மோவில் ஆர்ச்சிகே என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தின் முதல் கிளை முளைத்தது. ரயில் ஒரு நிமிஷம்தான் நின்றது. நாங்கள் எதுவும் பேசவில்லை.

ரோமில் ஒரே ஒரு நாள் கையிருப்பு என்றால் ஒஸ்தியா ரயிலில் கடைசி ஸ்டேஷன் கிறிஸ்தோபரோ கொலொம்போ வரை போய், 07 பஸ்ஸில் கப்போகொத்தா கடற்கரை. அங்கே கே ஜோடிகள் கூடும் பகுதிக்கு ‘இல் பூக்கோ’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மாலையே திரும்பிவிடலாம்.

எப்போது போவது? ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய இரண்டு வாரம் இத்தாலியே கடற்கரையில்தான் இருக்கும். அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். கல்லிப்போலி அப்போது இருபது வயதுப் பிள்ளைகளின் டிஸ்கோ ஊராகிவிடும் என்று பாட்டியே தலையில் கைவைத்துக்கொண்டார். நான் பார்த்தது ஜூன் கடைசி, அப்போது அமைதியாகத்தான் இருந்தது. டொர்ரே டெல் லாகோவுக்கு ஜூலை. ஜூனில் வார நாட்களில் போனால் வியாலே எவுரோபாவில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

விசாவுக்கு நாங்கள் தனித்தனியாகத்தான் விண்ணப்பித்தோம். காட்டுவதற்கு நம்மிடம் திருமணச் சான்றிதழா இருக்கிறது? அறைப் பதிவில் இரண்டு பேரின் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என் கணக்கு தலைகீழாகும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிக்கொண்டு போனால், அங்கே காரை எடுத்து, பழைய நகரங்களுக்குள் கேமரா வைத்த தடைப்பகுதிகளில் நுழையாமல் ஓட்டிவிட்டால், நான் சொன்ன குறை கல்லிப்போலியில் இல்லை. அப்போது கடலுக்கும் இறாலுக்கும் அந்தக் காப்பிக்கும் அங்கேயே போங்கள்.

அடுத்த கோடைக்கு எங்களோடு ஒரு நண்பன் வருகிறான். நன்றாகக் கார் ஓட்டுவான். என் இணையர் உடனே, “அப்போ கல்லிப்போலி போலாம்டா, பாட்டிகிட்டயும் சொல்லிடலாம்” என்றார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அவன் ராத்திரி ஒன்பதரைக்கே தூங்கிவிடுவான்.