சொந்த நிலையமா, பொது நிலையமா? சிறிய தோல் ஷாப்பின் கழிவுநீர்க் கணக்கு

திண்டுக்கல்லில் சிறிய தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) நடத்துபவர் கழிவுநீருக்குச் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும், இல்லையேல் பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொது நிலையத்தில் பங்கு வாங்க வேண்டும். நாங்கள் பங்கு வாங்கினோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

சொந்த நிலையம் என்றால் அடுத்தவர் தவறுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இடமும் நாற்றமும் தொந்தரவு. இவை எல்லோரும் அறிந்தவை.

முடிவு செய்தது அளவுதான். தொட்டி, மோட்டார் போன்றவற்றின் விலை கொள்ளளவோடு சமமாக ஏறாது; பொறியாளர்களின் தோராய விதிப்படி 0.6 அடுக்கில்தான் ஏறும். பத்து மடங்கு பெரிய நிலையத்துக்குச் சுமார் நான்கு மடங்கு பணம் போதும். தனியாகக் கட்டும் சிறியவர் லிட்டருக்கு இரண்டரை மடங்கு முதலீடு போடுகிறார். நடத்தும் செலவும் இப்படித்தான்: தண்ணீர் எவ்வளவு வந்தாலும் காற்றூட்டும் மோட்டாரைக் கவனிக்க இரவில் ஓர் ஆள் வேண்டும். பக்ரீத் முடிந்ததும் தோல் குவியும், பிறகு வரத்து மெலியும். தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளையோ பட்டினி போட முடியாது.

1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் ஆலைக் கழிவுநீர் மாசு குறித்த வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பெரியவருக்கும் அதே தொகை, நாலு சுண்ணாம்புக் குழிக்காரருக்கும் அதே தொகை. சொந்த நிலையம் என்பது அத்தகைய தலைக்கட்டு வரியை மாதந்தோறும் கட்டுவதுதான். பொது நிலையம் அதை லிட்டர் கணக்காக உடைத்துத் தருகிறது. சிறியவர் தொழிலில் நிற்க முடிவது அதனால்தான்.

ஒரு குறை உண்டு. கட்டணம் தண்ணீரின் அளவுக்கு மட்டும் என்றால், தண்ணீரைச் சிக்கனம் செய்து அடர்த்தியான கழிவை அனுப்புபவர் தப்பித்துவிடுவார். சுமை மற்றவர்மேல் விழும். பங்கு வாங்குமுன் கழிவின் கடுமைக்கும் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பையும் மறக்கக் கூடாது: நுண்ணுயிரிகள் அதைத் தின்னாது. தோலை ஊறப்போடுமுன் உதறித் தட்டி எடுப்பதுதான் மலிவான வழி. எந்த நிலையத்தில் சேர்ந்தாலும் அது நம் முற்றத்து வேலை.

தினமும் லட்சக்கணக்கான லிட்டர் வெளியேற்றும் ஆலைக்கு இந்தக் கணக்கு மாறலாம். அந்த அளவில் நான் தொழில் செய்ததில்லை.