ரிச்சி ஸ்ட்ரீட் போகும் முன்: ஹெச்610, பி550, பி650 – யாருக்கு எந்த போர்டு?

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கிருந்து, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். கடைக்குள் நுழைந்ததும் "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்பார்கள். சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதி நீட்டுவார்கள். அதில் ப்ராசஸர் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். கேபினட்டில் எத்தனை ஃபேன் என்பதுகூட இருக்கும். மதர்போர்டுக்கு எதிரே மட்டும் மொட்டையாக 'ஹெச்610' என்றோ 'பி650' என்றோ இருக்கும். அது போர்டில் உள்ள சிப்செட்டின், அதாவது மற்ற பாகங்களை ப்ராசஸரோடு இணைக்கும் சில்லின், பெயர். எந்தக் கம்பெனி, எந்த மாடல், ராமுக்கு எத்தனை ஸ்லாட், ஒன்றும் இருக்காது.

காசைக் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த வரியில்தான். ராம் போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கிச் செருகலாம். கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு வேறு போடலாம். போர்டை மாற்றுவது என்றால் பெட்டியையே பிரிக்க வேண்டும், பல சமயம் ப்ராசஸரும் ராமும் கூடவே மாறும். அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் பட்ஜெட்டுக்கு முன்னால் நான் கேட்பது ஒன்று: நாலு வருடம் கழித்து இந்தப் பெட்டியில் எதை மாற்றுவீர்கள்? ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்பவருக்கு ஒரு போர்டு, மாற்றுவேன் என்பவருக்கு வேறு போர்டு.

ரூபாய்க் கணக்கு எழுதப் போவதில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏற ஆரம்பித்த பிறகு, இன்று கேட்ட விலை அடுத்த வாரம் நிற்பதில்லை.

பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஹெச்610

எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். டேலி, பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், நடுவில் வாட்ஸ்அப் வெப். இதற்கு இன்டெல் ஹெச்610 போர்டும் ஐ3-12100 ப்ராசஸரும் தாராளம். 12, 13, 14 மூன்று தலைமுறை இன்டெல் ப்ராசஸரும் இதே எல்ஜிஏ 1700 சாக்கெட்டில்தான் (போர்டில் ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) உட்காரும். ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் ஹெச்டிஎம்ஐ வாய் இருக்கும், மானிட்டரைச் செருகினால் ஒன்றும் வராது.

ஹெச்610-இல் இன்டெல் கத்தரித்துவிட்டது என்னென்ன? ராமுக்கு இரண்டே ஸ்லாட். எக்ஸ்எம்பி என்ற வசதியைப் போட்டு ராம் வேகத்தைக் கூட்ட முடியாது. ப்ராசஸரிலிருந்து எஸ்எஸ்டிக்கு நேராகத் தகவல் வரும் நாலு பாதையை இந்தச் சிப்செட் மூடிவிடுகிறது. அதனால் எம்.2 எஸ்எஸ்டி, பிசிஐஇ எனப்படும் அந்தப் பாதைகளின் பழைய தலைமுறையான 3.0 வேகத்தில்தான் ஓடும், நொடிக்கு 3,500 எம்பி அளவு. துணிக்கடைக்கு இதில் எதுவும் உறைக்காது. புடவை எண்ணிப் போடுகிற வேகத்தைவிட எப்படியும் கம்ப்யூட்டர் வேகம்தான்.

உறைக்கப்போவது வேறு ஆளுக்கு. "இப்போதைக்கு ஹெச்610 போட்டுக்கறேன், அப்புறம் ஐ7 மாத்திக்கறேன்" என்று சொல்லும் ஆள். ஐ5-12400 முழு வேகத்தில் இழுப்பது 117 வாட். ஐ7-14700 இழுப்பது 219 வாட். சாதா ஹெச்610 போர்டில் ப்ராசஸருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பகுதி இரண்டாவதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. சாக்கெட்டில் பொருந்தும், விண்டோஸும் வரும், வேலை ஏறும்போது வேகம் இறங்கும். அப்படி ஒரு எண்ணம் இருப்பவர் பி760 பக்கம் போகலாம். ராம் வேகம் கூட்டலாம், பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி ஓடும், நாலு ராம் ஸ்லாட்டும் கிடைக்கும். ஆனால் அந்தக் காசுக்கு, இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ப்ராசஸருக்கான போர்டும் வந்துவிடும் என்பதுதான் பி760-இன் தலைவலி. எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் கதை 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா ப்ராசஸர்களுக்கு எல்ஜிஏ 1851 என்று வேறு சாக்கெட்.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-களில் வோல்டேஜ் கூடிப்போய் ப்ராசஸர் கெடும் பிரச்சினை வந்ததே, அதற்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் சின்ன மென்பொருள்) திருத்தம் கொடுத்தது. பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் பயாஸ் (போர்டைத் துவக்கும் மென்பொருள்) அப்டேட் வழியாகத்தான் வரும். கடை அலமாரியில் ரொம்ப நாள் தூங்கிய போர்டில் அது இருக்காது. 12-ஆம் தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏஎம்4: வீட்டில் பழைய ராம் இருப்பவர்களுக்கு

"அண்ணே, ரெண்டு எட்டு ஜிபி டிடிஆர்4 சும்மா கெடக்கு, அத வச்சே ஏதாச்சும் பண்ண முடியுமா?" வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துப் பையன்கள் கேட்கும் கேள்வி இது. ராம் விற்கும் விலைக்கு நியாயமான கேள்விதான். முடியும் தம்பி. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் பி550 போர்டு, ரைசன் 5 5600. கேம் விளையாட ஒரு கிராபிக்ஸ் கார்டு தனியாக. இன்றைக்கும் சோடை போகாத கூட்டணி.

இங்கே ஏ520-க்கும் பி550-க்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்து ஏ520 பக்கம் சாய்வார்கள். சாய்வதற்கு முன்னால் எந்தக் கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். ஏ520-உம் பழைய பி450-உம் பிசிஐஇ 3.0. பி550-இல் 4.0. பதினாறு பாதையையும் பயன்படுத்தும் கார்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை. விலை குறைந்த கார்டுகளில் பாதையையே குறைத்துவிடுகிறார்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் நாலு. நாலு பாதையை வைத்துக்கொண்டு 3.0 போர்டில் உட்கார்ந்தால் கேம் திக்கித் திணறும். பட்ஜெட் குறைவாக இருப்பவருக்குத்தான் போர்டு விஷயத்தில் கவனம் அதிகம் வேண்டும் என்பது கொஞ்சம் அநியாயம்தான், என்ன செய்வது.

5600ஜி போட்டால் கிராபிக்ஸ் உள்ளேயே வந்துவிடும், ஆனால் அந்த ப்ராசஸர் பி550-இல் உட்கார்ந்தாலும் 3.0 வேகத்துக்கு மேல் போகாது. கார்டு வாங்காமல் 5600ஜி மட்டும் என்றால் ஏ520 போதும்.

ஏஎம்4-இல் புது வீடு கட்ட மாட்டேன். ராம் உட்பட எல்லாமே புதிதாக வாங்குபவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஏஎம்5: எல்லாம் புதிதாக வாங்குபவருக்கு

ஏஎம்4 சாக்கெட்டுக்கு ஏஎம்டி என்ன செய்தது என்று பார்த்தால் ஏஎம்5-ஐ ஏன் நம்புகிறேன் என்பது புரியும். 2017-இல் பி350 போர்டு வாங்கியவர், 2022-இல் பயாஸ் மட்டும் அப்டேட் செய்து ரைசன் 5000 ப்ராசஸரைப் போட முடிந்தது. ஐந்து வருடம் போர்டு மாறவில்லை. ஏஎம்5 2022 செப்டம்பரில் ரைசன் 7000-உடன் வந்தது. 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000-உம் அதே சாக்கெட். 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் இதே சாக்கெட்டுக்கு ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 5 7600 போட்டுவிட்டு, கையில் காசு வரும்போது 7800எக்ஸ்3டி-யோ 9800எக்ஸ்3டி-யோ மாற்றிக்கொள்ளலாம். பெரம்பூரிலிருந்து காலேஜ் போய்வரும், வேலோரண்ட் கேமும் கோடிங்கும் பாதிப்பாதியாக ஓட்டும் பையனுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

புது டிடிஆர்5 ராம் மட்டுமே போகும், பழைய டிடிஆர்4 பொருந்தாது என்பது இதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் நாலு ஸ்லாட்டைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. ரைசன் 7000-இல் நாலு ராமையும் நிரப்பினால் ஏஎம்டி உத்தரவாதம் தருவது 3600 வேகத்துக்குத்தான், இரண்டு போட்டால் 6000 சாதாரணமாக ஓடும். இரண்டு பதினாறு ஜிபி வாங்கி உட்கார வைத்துவிடுவது உத்தமம்.

ஏ620, பி650, பி850, பி840 என்று நாலு பெயர் கேட்பீர்கள். ஏ620-இல் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, ராமுக்கு எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) போடலாம். 7600 போன்ற 65 வாட் ப்ராசஸரோடு நின்றுவிடுவேன் என்பவருக்கு ஏ620 சரி. பி850 என்பது பி650-இன் அடுத்த வருகை, எஸ்எஸ்டிக்கு பிசிஐஇ 5.0 கட்டாயம் இருக்கும். விலை பக்கத்தில் வந்தால் எடுக்கலாம். பி840-இல்தான் கவனம். பெயரில் 'பி' இருக்கிறதே தவிர ஓவர்கிளாக் கிடையாது, சிப்செட் தரும் பாதைகள் பழைய 3.0. பி850-இன் தம்பி மாதிரி விற்பார்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 8500ஜி போட்டுவிட்டு, அப்புறம் கார்டு வாங்கலாம் என்று திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 8500ஜி ப்ராசஸர் கார்டுக்குத் தருவது நாலே பாதை. 8600ஜி எட்டு. எவ்வளவு நல்ல பி650 வாங்கினாலும் இது மாறாது. 7600-இலேயே படம் காட்டும் அளவுக்குச் சின்னதாகக் கிராபிக்ஸ் இருக்கிறது, கார்டு வரும் வரை அதில் ஓட்டலாம்.

சூடு, உப்புக்காற்று, தூசு

பெட்டிக்கு வெளியே உள்ள படத்தைப் பார்த்து போர்டு வாங்காதீர்கள். சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வரிசையாக நிற்கும், அவற்றின் ஓரமாகக் கறுப்புச் சில்லுகள். ப்ராசஸருக்குக் கரண்ட் போகும் இடம் இதுதான். விஆர்எம் என்பார்கள். விலை குறைந்த போர்டில் அந்தச் சில்லுகள் அம்மணமாக நிற்கும். கொஞ்சம் நல்ல போர்டில் அலுமினிய ஹீட்சிங்க் மூடியிருக்கும், தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். மே மாதம் வெளியே நாற்பது டிகிரி, அறையில் ஏசி இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் எடிட் செய்பவர் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடவிடுவார். அவருக்கு ஹீட்சிங்க் இல்லாத போர்டை நான் சொல்லவே மாட்டேன். பி650-இல் ஏசஸ் டஃப், எம்எஸ்ஐ மோர்ட்டார், ஜிகாபைட் ஆரஸ் வரிசைகளில் விஆர்எம் ஹீட்சிங்க் நன்றாகவே வரும். இன்னும் சிக்கனமாக என்றால் எம்எஸ்ஐ ப்ரோ வரிசையைப் பார்க்கலாம். ஆர்ஜிபி விளக்குக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோர வீடுகளில் இன்னொரு தொல்லை. அங்கே சில வருடம் ஓடிய போர்டைக் கழற்றினால், பின்பக்க யுஎஸ்பி வாய்களின் தகடு பழுப்பேறி இருக்கும். ராம் ஸ்லாட்டில் பிடிப்பு தளர்ந்து, ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டால்தான் டிஸ்ப்ளே வரும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் என்றால் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசும் சேர்ந்துகொள்ளும். உப்புக்காற்றில் சாகாத போர்டு என்று எதுவும் இல்லை. பின்பக்கத் தகடு போர்டோடு பொருத்தியே வரும் மாடல், பயன்படுத்தாத வாய்களுக்கு ரப்பர் மூடி, ஜன்னலை விட்டுத் தள்ளி மேஜை மேல் கேபினட், இவ்வளவுதான் நம்மால் முடிந்தது. தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வைஃபை உள்ள மாடலுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டுமா? ரவுட்டர் அதே அறையில் இருந்தால் ஒரு லேன் கேபிள் போதும்.

வாங்கும்போது

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற மாடலாகப் பாருங்கள். ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து பயாஸை அப்டேட் செய்யும் வசதி அது. ஹெச்610-இல் அரிது, பி650-இல் பல மாடல்களில் உண்டு. ஏஎம்5-இல் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023-இல் சில எக்ஸ்3டி ப்ராசஸர்கள் வோல்டேஜ் கூடிக் கருகிய பிறகு, அந்த வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத பயாஸ் வந்தது. பழைய ஸ்டாக் போர்டு என்றால் முதல் வேலை அதுதான்.

ஐ5 மூன்றாம் தலைமுறை, ஹெச்61 போர்டு, ராம், எல்லாம் சேர்த்து ஒரு விலை என்று 'காம்போ' விளம்பரப் பலகை தொங்கும். பெட்டி புதுசாக இருக்கும், சரக்கு 2011 காலத்துச் சிப்செட். விண்டோஸ் 11-க்கு அந்த ப்ராசஸர் தகுதியில்லை, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம்.

"பில் வேணாம்னா கொஞ்சம் கொறைச்சுத் தரேன்" என்பார்கள். மதர்போர்டுக்கு வழக்கமாக மூன்று வருட வாரண்டி. பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் நின்றால் பேச்சு எடுபடாது. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

இன்டெல் எல்ஜிஏ 1700, ஏஎம்5 இரண்டிலும் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஏஎம்4-இல்தான் ப்ராசஸரில். ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி கிடையாது. அதனால் கடையிலேயே சாக்கெட் மூடியை எடுத்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசை சீராக மின்னினால் சரி, எங்காவது ஒரு புள்ளி தனியாக மின்னினால் வேறு போர்டு கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்குக் கொடுக்கும்போது மூடி இல்லாத போர்டை வாங்க மறுப்பார்கள்.

வீட்டுக்கு வந்து டிடிஆர்5 போர்டை முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ராமை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் பட்டனை அமுக்கி அணைத்துவிடாமல் ஒரு டீ போட்டுக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்தும் வரவில்லை என்றால் ஒரு ராமை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிப் பாருங்கள்.